நீ வெட்டச் சொன்ன சொல்

நேற்று அட்டன் பஸ் நிலையத்தில் கொட்டகலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். நைலோன் கயிற்றால் வரிந்து கட்டிய பெரிய பை ஒன்றை இழுத்துக்கொண்டு ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளிநாட்டிலிருந்து அன்று காலைதான் வந்திறங்கியிருக்க வேண்டும். அவள் உடுப்பிலிருந்து கனமான, இனிப்பான ஒரு வாசனைத் திரவிய நெடி வந்தது. அங்கே வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்புகிற நம் பெண்கள் எல்லோர் மேலும் ஒட்டிக்கொண்டு வருமே, அதே நெடி. நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

“என்னா டீச்சர், எறங்கப் போறீங்களா?” என்று கண்டக்டர் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். உன் அம்மா திரும்பி வந்த அன்று தோட்டத்து லயத்தில் உங்கள் ஒற்றை அறைக் காம்பரா முழுக்க அந்த வாசனைதான் நிறைந்திருந்தது.

நீ இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நமக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது உன் அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போனார். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நீ அழுவாய் என்று முதல் வாரம் முழுக்க அந்தச் சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ அழவில்லை. தேயிலை மலையிலிருந்து ஆட்கள் திரும்பும் நேரத்தில் மட்டும் வாசலில் வந்து நிற்பாய். கூடையோடு வருகிற பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக்குள் போய் முடிந்த பிறகு நீயும் உள்ளே போவாய். உன் அப்பா குடித்துவிட்டு எங்காவது கிடப்பார். நீ சோறு வடித்து மூடி வைத்துவிட்டு என்னோடு படிக்க வருவாய்.

ஏழு வருடம் கழித்து உன் அம்மா திரும்பி வந்தார். பையைத் திறந்து போர்வை, சோப்பு, பேரீச்சம்பழம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சிவப்புக் கவுன் இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அளவானது. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, பதினாறு வயதான உன்னைப் பார்த்துச் சிரித்தார்.

“மொத வருசம் வாங்குனதும்மா. அனுப்பணும்னு எடுப்பேன், மனசு வராது. பக்கத்துல வச்சுக்கிட்டுதான் தூங்குவேன்.”

நீ அதைத் தொடவில்லை. “இந்த அளவுக்கு இந்த வீட்டுல யாரும் இல்ல” என்றாய். உன் அம்மாவின் கை கீழே இறங்கவில்லை. விரித்த கவுனோடு அப்படியே நின்றார். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

நீ சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக்கொண்டு அட்டனில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். நான் ஆசிரியையானேன். கதையும் எழுதத் தொடங்கினேன். நான் எழுதியதையெல்லாம் முதலில் படித்தது நீதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் பென்சிலோடு உட்காருவாய். எழுத்துப்பிழையை நீ தேடியதில்லை. உனக்கு நம்பிக்கை வராத சொல்லின் கீழேதான் கோடு போடுவாய். ஒரு தரம், ‘தேயிலைத் தளிர்கள் காலை வெயிலில் புன்னகைத்தன’ என்று எழுதியிருந்தேன். நீ வாய்விட்டுச் சிரித்தாய்.

“கொழுந்து சிரிச்சத நான் பாக்கலடி. ஒங்கம்மா வெரல் வெடிச்சு ரத்தம் வர்றதத்தான் பாத்திருக்கேன். அத எழுது.”

இன்னொரு கதையில் வந்த கங்காணியை நான் ஈரமே இல்லாதவனாக எழுதியிருந்தேன். நீ கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, “இந்தாளு வேல முடிஞ்சு வீட்டுக்குப் போயி என்னா செய்வாரு?” என்று கேட்டாய். தெரியாது என்றேன். “அது தெரியாம இவர பத்தி எப்புடி எழுதுற?” மூன்று வாரம் அந்தக் கேள்வியோடு கிடந்தேன். மலையில் பெண்களை வாய்க்கு வந்தபடி ஏசுகிற அதே ஆள், வீட்டில் நடக்க முடியாத மனைவியின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறான் என்று எழுதினேன். ஏசியதில் ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. “இப்பதான் அந்தாளு மேல எனக்கு சரியா கோவம் வருது” என்றாய். வாசகர்கள் இன்றும் என்னிடம் கேட்பது அந்தக் கங்காணியைப் பற்றித்தான்.

உன் அம்மாவைப் பற்றிய கதையை எழுதியபோது நமக்கு இருபத்து நான்கு வயது. அவர் திரும்பி வந்து எட்டு வருடம். ‘இந்தாங்க’, ‘கேட்டீங்களா’ என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்த நீ, அந்த வருடம்தான் அவரை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாய். கதைக்கு ‘விட்டுவிட்டுப் போனவள்’ என்று தலைப்பு வைத்திருந்தேன். நீ படித்து முடித்தாய். பிறகு தலைப்பில் ‘விட்டுவிட்டு’ என்பதை மட்டும் வெட்டினாய்.

“‘போனவள்’னு மட்டும் வையி. விட்டுட்டு போறவ ஏழு வருசம் ஒரு கவுன கட்டிப் புடிச்சுக்கிட்டு தூங்க மாட்டா.”

“அப்ப கவுன எடுத்துரவா?”

“அது இருக்கட்டும். அது நடந்தது. இந்தச் சொல்ல மட்டும் எடுத்துரு.”

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் நல்ல பிரதி எழுதும்போது ‘போனவள்’ என்பது மொட்டையாகத் தெரிந்தது. யாரையும் நிறுத்தாத ஒரு சொல். மற்றதில் ஒரு வேகம் இருந்தது. கதை என்னுடையதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பழைய தலைப்பையே வைத்து ஒரு ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்பினேன். அது அப்படியே அச்சாகி வந்தது.

உன் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மலையில் தேத்தண்ணி நேரத்தில் ஒருத்தி அதைச் சத்தமாக வாசித்திருக்கிறாள். கவுன் கதை லயத்தில் எல்லோருக்கும் தெரியும். வாசித்து முடித்ததும் யாரும் உன் அம்மா பக்கம் திரும்பவில்லையாம். வீட்டுக்கு வந்தவர் கூடையை இறக்காமலேயே உன்னிடம் கேட்டிருக்கிறார்: “ஊரே சொல்லுது. நீயும் அப்புடித்தான் நெனைக்கிறியா?”

அந்தப் பத்திரிகையோடு நீ என் வாசலில் வந்து நின்றாய். உள்ளே வரவில்லை.

“ஒரே ஒரு சொல்லுதான கேட்டேன்.”

“கதைதானடி…” என்று இழுத்தேன்.

“கதைன்னா அதுல எங்க வீட்டு கவுனு எதுக்கு? ஒனக்கு அந்தச் சொல்லு எடுப்பா இருந்துச்சு. அதுக்காக அத எங்கம்மா தலையில தூக்கி வச்சுட்ட.”

அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் நீ என்னோடு பேசவில்லை.

மறு வருடம் கல்யாணமாகி வட்டவளைக்குப் போனாய். எனக்குச் சொல்லவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகக் கூப்பிட்டாய், அவர் வரவில்லை. “பிள்ளைய விட்டுட்டு போனவ, இப்ப எந்த மொகத்தோட பிள்ள வீட்டுல போயி குந்துறது?” என்று அவர் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னதைச் சுவருக்கு இப்பாலிருந்து கேட்டேன். நான் அச்சில் வைத்த சொல். அவர் வாயில் ஏறியிருந்தது. மழைக்காலத்தில் அவர் தனியாக இருமுவதும் கேட்கும். ஒரு நாள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார். “நல்லா எழுது சாமி” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைசியில் அவருக்கு முடியாமல் போனபோது நீ வந்து வலுக்கட்டாயமாகக் கூட்டிப் போனாய். இரண்டு வருடம் உன் வீட்டில் இருந்துதான் கண்ணை மூடினார். செய்தி கேட்டு ரயிலேறி வட்டவளை ஸ்டேஷன் வரை வந்தேன். உன் வீட்டுக்குப் போகும் பாதையில் ஆட்கள் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன். இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வருடம் உன் மகள்தான் போனில் அழைத்தாள். “பெரியம்மா, அம்மாவுக்கு சொகமில்ல. ஒங்கள வரச் சொன்னாங்க.” நான் பார்த்தே இராத பிள்ளை என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டது. வந்தபோது நீ கட்டிலில் பாதியாகக் கிடந்தாய். நோய் முற்றிவிட்டது என்று நீயே சொன்னாய். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

“அந்தச் சொல்லு ஒன்னோடது இல்லடி. கவுன காட்டுன அன்னைக்கு நீ பீலிக்குப் போயிட்ட. அதுக்கப்புறம் அத அடுப்புல தூக்கிப் போட்டேன். ‘விட்டுட்டு போனவதான நீ’ன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொன்னேன். எட்டு வருசமா நாங்க ரெண்டு பேரும் அத மறந்த மாதிரி இருந்தோம். நீ அச்சுல போட்ட. அவங்க மறுபடியும் கேட்டப்ப, இல்லம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒன்மேல கோவமா இருந்தா என்மேல கோவப்பட வேண்டியதில்ல. அதான் அப்புடியே இருந்துட்டேன்.”

கவுன் எரிந்தது எனக்கு அன்றுதான் தெரியும். என் கதையின் முடிவில் அந்தத் தாய் அதை மடித்துப் பெட்டியில் வைப்பதாக எழுதியிருந்தேன்.

“அம்மா கடைசியில ஒன்ன பத்தி ஒன்னு சொன்னாங்க,” என்றாய். “‘அந்தப் புள்ள பொய் எழுதல. பாதிய எழுதிருக்கு’ன்னாங்க.”

அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்தது நான்கு மாதம். சனிக்கிழமைகளில் வந்தேன். பழையபடி வாசித்துக் காட்டினேன். பென்சில் பிடிக்க உனக்குத் தெம்பில்லை. பிடிக்காத சொல் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாய். நான் மாற்றிப் படித்தால் திறப்பாய்.

நீ போன பிறகு உன்னைப் பற்றி முப்பது பக்கம் எழுதினேன். யாருடைய வாழ்க்கையிலிருந்து எடுக்கிறேனோ அவர்களுக்கு வாசித்துக் காட்டாமல் இப்போது நான் எதையும் அனுப்புவதில்லை. அதனால் போன மாதம் வட்டவளைக்குப் போய் உன் மகளுக்கு வாசித்தேன். அவளுக்குப் பதினாறு வயது. தலை குனிந்து கேட்டாள். முடித்ததும், “நல்லாயிருக்கு” என்றாள். பிறகு, “ஆனா எங்கம்மா இவ்வளவு நல்லவங்க இல்ல பெரியம்மா” என்றாள்.

எழுந்து போய் ஒரு கடித உறையை எடுத்து வந்தாள். ஐந்தாம் வகுப்பு புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, கண்டியில் விடுதியோடு உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவள் விண்ணப்பித்திருக்கிறாள். இடம் கிடைக்கவில்லை என்று நீ சொல்லியிருக்கிறாய். உறைக்குள் இருந்தது, இடம் கிடைத்திருக்கிறது என்று அந்தப் பள்ளிக்கூடம் அனுப்பிய கடிதம்.

“அம்மாவோட சேலைய எடுத்து மடிக்கிறப்ப கெடச்சுச்சு. ஆறு வருசமா எனக்குத்தான் தகுதி இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இதையும் எழுதுங்க. ஏன் செஞ்சாங்கன்னும் எழுதுங்க. எனக்கு தெரியல. நீங்கதான சின்னதுலேர்ந்து அவங்களோட இருந்தீங்க.”

ஏன் என்று எனக்குத் தெரியும். ஆட்கள் எல்லோரும் வீட்டுக்குள் போய் முடியும் வரை வாசலில் நின்ற அந்தப் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அதை அவளுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அவள் முகம் இளகவில்லை. இளக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

நோட்டைத் திறந்தேன். உன் மேல் வைத்த அன்பில் எனக்கு மெதுவான சொற்களாகவே வந்தன. எடுத்து வைத்தாள், சொல்லாமல் விட்டாள், தள்ளிப் போட்டாள்.

“ஒளித்தாள்னு எழுதவா?” என்று அவளிடமே கேட்டேன்.

கடிதம் மடிந்திருந்த இடத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

“ஒளிச்சாங்கன்னே எழுதுங்க,” என்றாள். “ஆனா கிழிக்கலன்னும் எழுதுங்க.”

இரண்டையும் எழுதினேன். அவள் சொன்ன வரிசையிலேயே. வீட்டுக்கு வந்து அந்த முப்பது பக்கத்தையும் நீக்கிவிட்டேன். இப்போது உன்னைப் பற்றி என்னிடம் இருப்பது அந்த இரண்டு வரிகள்தான். அவற்றோடுதான் பள்ளிக்கூடம் போகிறேன், வருகிறேன், உலை வைக்கிறேன். மூன்றாவது வரி இன்னும் வரவில்லை.