கண்ணாடியில் உன் லாரி

அன்புள்ள பூச்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, அக்கா மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் இருமல்கூட ஒருவழியாக நின்றுவிட்டது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன், இல்லையென்றால் இந்த வரியோடு நிறுத்திவிட்டுத் திட்ட ஆரம்பித்துவிடுவேன். கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குப் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுகிறாய், நானும் அந்தக் கட்டைவிரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூப்பிட்டுப் பேசலாம் என்றால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, அவகிட்ட அதைக் கேளு, இதைக் கேளு என்று காதைக் கடிக்கிறார், நான் கேட்க நினைத்ததைக் கேட்காமலே போனை வைத்துவிடுகிறேன். கடிதம் என்றால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், நீயும் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அக்கா காலை ஷிப்டுக்கு மாறிவிட்டாள், அதனால் பாத்ரூமுக்கு அவளும் அப்பாவும் தினமும் போடுகிற சண்டையை நான் காபி குடித்துக்கொண்டே கேட்கிறேன். மாடி வீட்டுக்காரர்களின் வாஷிங் மெஷின் மறுபடி ஒழுகி, உன் அறையின் கூரையில் ஒரு கறை வந்திருக்கிறது, வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன், உன் பொருள் எதையும் நகர்த்தவில்லை. எங்கள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனைக்குப் புதிதாக ஒரு அம்மா வந்திருக்கிறார், நல்ல மனுஷி, ஆனால் ஒவ்வொருவரிடமும் இது தெளிவா அது தெளிவா, மறுபடி இது தெளிவா என்று கேட்டுக் கேட்டு ஒரு ஆளை அனுப்புவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. அவர் அளவு எழுதி அனுப்பினால்தானே நான் உள்ளே லென்ஸை வெட்ட முடியும். வெளியே வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள், உள்ளே நான் மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதலாளி என்னிடம் வந்து, உங்களுக்கு இன்னும் வேகமான மெஷின் ஒண்ணு வாங்கித் தரட்டுமா என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் கேள், முதலாளி சொன்ன அதே அசட்டு வேலையை வீட்டில் நானே செய்துவிட்டேன்.

நீ ஊரை விட்டுப் போகும்போது உன் பழைய கம்ப்யூட்டரை என் தலையில் கட்டிவிட்டு, அந்த லாரி ஓட்டுகிற விளையாட்டையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாய். வாழ்க்கையில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாதவள் நான், திருப்பத்தில் ஒரு பக்கம் திரும்பச் சொன்னால் இன்னொரு பக்கம் போகிறவள். அதனால்தான், நீ முன்னாடி போம்மா, நான் பின்னாடியே வர்றேன், வழி தப்பினா சொல்றேன் என்று ஏற்பாடு செய்தாய். ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்கு அதுதான். நான் இங்கே முன்னால், நீ அங்கே உன் மெஷினில் இன்னொரு லாரியோடு பின்னால், காதில் உன் குரல், என் பக்கத்து நாற்காலியில் அப்பா கிளீனர் வேலை பார்த்துக்கொண்டு. மெஷின் பழசு, பாரம் தாங்காது என்று லாரியில் பின்னால் வருவதைக் காட்டுகிற கண்ணாடிகளை மட்டும் நீ அங்கிருந்தபடியே என் மெஷினுக்குள் நுழைந்து அணைத்து வைத்திருந்தாய். கண்ணாடியை ஆஃப் பண்ணிட்டேம்மா என்று நீ போனில் சொன்னபோது அப்பா தன் மூக்கில் இருந்ததைக் கழற்றி என்னிடம் நீட்டியது ஞாபகம் இருக்கிறதா. நாளெல்லாம் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்குத் தன் லாரியில் கண்ணாடி இல்லை என்று அக்கா இன்றும் கேலி செய்கிறாள். எனக்கு அது கேலியாக இல்லை பூச்சி. நீ பின்னால் வருகிறாய் என்பதை உன் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால், இருக்கியா என்று கேட்பேன். இருக்கேம்மா என்பாய். அதற்கு மேல் நான் என்ன கேட்பது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா உன் லாரி தாவித் தாவிப் போகுது, பின்னாடி ஓட்டினா எனக்குத் தலை சுத்துது என்றாய். அடுத்த வாரம் வேலை என்றாய். அதற்கடுத்த வாரம் தோழியைப் பார்க்கப் போனாய். அதற்கப்புறம் காரணமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் மெஷின் தாவுவதுதான் காரணம் என்று எனக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். நீதானே எனக்குப் புரிவதற்காக பிராசசருக்கு மூளை என்றும் கிராபிக்ஸ் கார்டுக்குக் கண் என்றும் பேர் வைத்தாய். என் பிழைப்பே கண்தான். படம் சரியாகத் தெரியவில்லை என்று யார் வந்து சொன்னாலும் என் கை தானாக லென்ஸைத்தான் தேடும். அதனால் ஒரே யோசனையில் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், இருப்பதிலேயே நல்ல கண்ணாகக் கொடுங்கள் என்று ஒரு கார்டை வாங்கி வந்துவிட்டேன். மெஷினில் என்ன மூளை இருக்கிறது என்று கடைக்காரர் கேட்டதற்கு, அது என் மகளுடைய மெஷின், மூளைக்கெல்லாம் ஒரு குறையும் இல்லை என்று பெருமையாக வேறு சொல்லிவிட்டேன். கார்டு என்னவோ செங்கல் மாதிரி இருக்கிறது. அக்கா திருகாணியைப் பிடிக்க, அப்பா டார்ச் அடிக்க, ஒருவழியாக உள்ளே தள்ளினோம், ஆனால் பெட்டியின் மூடியைப் போட முடியவில்லை. சாப்பிட்ட பிறகு சட்டைப் பட்டன் போட முடியாத அப்பா மாதிரியே இருக்கு என்றாள் அக்கா. எல்லாம் முடித்து, கண்ணாடிகளையும் திறந்துவைத்து லாரியைக் கிளப்பினேன். வெட்டவெளி ரோட்டில் கொஞ்சம் பரவாயில்லை. ஊருக்குள் நுழைந்ததுதான் தாமதம், பழைய தாவலே தேவலை என்று ஆகிவிட்டது.

மறுநாள் மெஷினைத் துணியில் சுற்றிக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் என்னை ஓட்டிக் காட்டச் சொன்னார். திரையின் மூலையில் இரண்டு எண்களை வரவழைத்தார், ஒன்று மூளை எவ்வளவு உழைக்கிறது என்பது, இன்னொன்று கண் எவ்வளவு உழைக்கிறது என்பது. ஊருக்குள் போனதும் மூளை முழுசாக மூச்சு வாங்குகிறது, கண் பாதி வேலைகூட இல்லாமல் தூங்குகிறது. கார்டு சும்மாதான் உக்காந்திருக்கும்மா, பிராசசர் சொன்னாத்தானே அது வரையும் என்றார். ரோட்டில் போகிற ஒவ்வொரு காரும் எங்கே திரும்ப வேண்டும், எந்த சிக்னலில் நிற்க வேண்டும் என்று மூளைதான் கணக்குப் போட்டு, இதை வரை, அதை வரை என்று கார்டுக்குச் சொல்கிறதாம். கார்டு கண்ணை மூடித் திறப்பதற்குள் வரைந்துவிட்டு, அடுத்தது என்ன என்று காத்துக்கொண்டிருக்கிறது. அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது, அளவு எழுதுகிற புது அம்மாவும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நானும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறோம். மூளை பலமாக இருந்து கார்டு சோப்ளாங்கியாக இருந்தால் இதே கதை தலைகீழாக நடக்குமாம், மூளை சொல்லிவிட்டுக் காத்திருக்க, கார்டு வரைய முடியாமல் திணறுமாம். தனித்தனியா நல்லதுன்னு பாக்காதீங்க, ஜோடியா பாக்கணும் என்றார். அப்பா உடனே, இதை எங்க கல்யாணத்துக்கு முன்னாடி யாராவது சொல்லியிருக்கலாம் என்றார். கடைக்காரர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. எங்கள் ஜோடியில் காத்திருக்கிற கார்டு யார் என்று உனக்கே தெரியும்.

நீயும் அங்கே புதுக் கார்டு வாங்கப் போவதாக அக்காவிடம் சொன்னாயாமே. முதலில் உன் மெஷினில் என்ன மூளை இருக்கிறது என்று பார், அம்மா மாதிரி ஏமாறாதே. எந்த விளையாட்டு என்பதையும் பார்க்க வேண்டுமாம். நம் லாரி மாதிரி, நிறைய வண்டியும் ஆளும் தன்னிஷ்டத்துக்குப் போகிற விளையாட்டு என்றால் மூளைக்குத்தான் சுமை, பெரிய திரையில் புல் பூண்டு வரை துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றால் கார்டுக்குச் சுமை. எங்கள் கார்டு சும்மா கிடக்கிறதே என்று கடைக்காரர் படத்தின் தரத்தை மேலே ஏற்றிவிட்டார். அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லையாம். இப்போது மழை பெய்தால் துளித்துளியாகத் தெரிகிறது, ரோட்டோரத்து இலைகூடத் தெரிகிறது, எல்லாம் சேர்ந்து ரொம்ப அழகாகத் தாவுகிறது. இன்னொன்றும் செய்தார். மெஷின் தன்னால் முடிந்த வேகத்துக்கெல்லாம் படத்தை ஓட்டாமல், அந்த வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தார். ஒரு நேரம் பறந்து ஒரு நேரம் நின்றால்தான் கண்ணுக்குத் தாவலாகத் தெரியுமாம், கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சீராக வந்தால் உறுத்தாதாம். அதைக் கேட்டபோது எனக்கு உன் நினைப்புத்தான் வந்தது. வாராவாரம் வந்துவிட்டுத் திடீரென்று ஆளே காணோம் என்பதைவிட, மாதம் ஒருநாள் என்று சொல்லிவிட்டு அந்த ஒருநாள் தவறாமல் வந்தால் எனக்குப் போதும் பூச்சி.

மூளையை மாற்ற வேண்டுமானால் அது உட்கார்ந்திருக்கிற பலகையை மாற்ற வேண்டும், கூடவே இன்னும் இரண்டு மூன்று சாமான்களை மாற்ற வேண்டும், கிட்டத்தட்ட புது மெஷின் வாங்குவது போலத்தான் என்று சொல்லிவிட்டார். எனக்கு மனசு வரவில்லை. அதன் பெட்டியில் நீ ஒட்டிப் பாதி சுரண்டிய ஸ்டிக்கர் இருக்கிறது. உன் விரல் பட்டுப் பட்டு விசைப்பலகையில் எழுத்து அழிந்துபோன இடத்தில்தான் நானும் விரலை வைத்து லாரியை முன்னால் நகர்த்துகிறேன். உன்னிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மெஷின் தாவுவதால்தான் நீ வரவில்லை என்றால் எனக்கு அதைவிட நிம்மதி வேறு இல்லை, மெஷினைச் சரி செய்துவிடலாம். வேறு காரணம் என்றால், அங்கே உனக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்டாகிவிட்டது என்றால், அது நல்லதுதான், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு நான் எந்தக் கடையில் போய் என்ன வாங்குவது. கார்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதை மாட்டிவிட்டால் நீ வந்துவிடுவாய் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தது எனக்கு.

கடைசியில் கடைக்காரர் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு கண்ணாடிக்காகவும் லாரிக்குப் பின்னால் இருக்கிற உலகத்தை இன்னொரு தடவை கணக்குப் போட்டு இன்னொரு தடவை வரைய வேண்டியிருக்கிறதாம். ரோடு நிறைய வண்டி, கண்ணாடி, இரண்டையும் சேர்த்து இந்த மூளை தாங்காது, ரெண்டுல ஒண்ணுதாம்மா என்றார். அப்பா வண்டிகள்தான் வேண்டும் என்றார், வண்டியே இல்லாத ரோட்டில் லாரி ஓட்டுவது ஆளில்லாத டீக்கடையில் அரசியல் பேசுகிற மாதிரி என்று அவருக்கு எண்ணம். நான் யோசிக்கவே இல்லை. எல்லா வண்டியையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டேன், ஒரு கார், ஒரு பஸ்கூட வேண்டாம் என்றேன். ஆட்டத்தைத் தொடங்கி உன்னை அழைப்பது நான்தானே, என் ரோடு எப்படியோ அப்படித்தான் உனக்கும் இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை தனியாக ஓட்டிப் பார்த்தேன். ஊருக்குள் போனாலும் தாவவில்லை, தண்ணீர் மாதிரி போகிறது. இரண்டு பக்கமும் கண்ணாடி. நான் கடந்து வந்த மரமும் கட்டிடமும் அதில் சின்னதாகிக்கொண்டே போகின்றன. யாருமே இல்லாத ஒரு நாற்சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது, நான் லாரியை நிறுத்தினேன். ஒரு ஈ காக்கா இல்லை, யாருக்காக நிக்கற என்று அப்பா கேட்டார். நின்றால்தானே பின்னால் வருகிறவள் வந்து சேர முடியும் என்றேன். அவரும் என்னோடு சேர்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தும் நான் கிளப்பவில்லை. அந்த ரோட்டில் இப்போது வேறு எந்த வண்டியும் இல்லை பூச்சி. கண்ணாடியில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அது நீயாகத்தான் இருக்கும்.

நீ எந்த ரோட்டில் போனாலும் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும், நல்லவர்கள் துணைக்கு அமைய வேண்டும், எடுத்த காரியம் எல்லாம் கைகூட வேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். அக்கா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள், அவளுடைய நீலக் குடையை நீதான் எடுத்துப் போனாய் என்பதையும் சொல்லச் சொன்னாள். வருகிற அன்று பகலாக இருந்தாலும் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வா, மறந்துவிடாதே. அப்போதுதான் நீ ரொம்பத் தூரத்தில் வரும்போதே எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
முன்னால் போகிற லாரியிலிருந்து,
உன் அம்மா