உம்முடைய கருவிக்கு இடம் இல்லை என்று எழுதினேன்

இன்று காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. சர்வரின் பதிவுகளைப் படித்துக் காட்ட நீர் எழுதிய லாக் கருவியை, உம் நினைவாக, நம் சர்வர் இமேஜில், அதாவது புது சர்வரோடு சேர்ந்தே வரும் மென்பொருள் தொகுப்பில், மறுபடி சேர்க்கலாமா என்று குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. உமக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்த இமேஜைத் தயாரிப்பதுதான் நாம் இருவரும் ஏழு வருடம் பார்த்த வேலை. யாராவது கிளவுடில் ஒரு சர்வர் எடுத்தால், திறந்தவுடன் அதில் எந்தெந்த மென்பொருள் இருக்க வேண்டும் என்று பட்டியல் போடுவது. நான் தச்சநல்லூர்க்காரன். நீர் கொற்கைக்குப் பக்கத்தில், கரண்ட் போனால் நெட்டும் சேர்ந்து போகிற ஊர்க்காரர். எனக்கு எதையும் குறைக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் திருடன் நுழைய ஒரு வழி. "வேணும்னா இறக்கிக்கிடட்டும் வே" என்பேன்.

"நெட்டு இல்லாதவன் எங்கன போய் இறக்குவான்?" என்பீர்.

கோப்புகளைத் திருத்த உதவும் எடிட்டரைப் பட்டியலில் இருந்து எடுத்தது நான்தான். நீர் எதிர்த்தீர், நான் விடவில்லை. அதற்கு மூன்றாம் மாதம், நம் இமேஜைத் தன் கட்டடத்து சர்வரில் போட்டிருந்த ஓர் ஆஸ்பத்திரியில் இணைப்பு அறுந்து எல்லாம் நின்றது. ஒரு கோப்பில் நான்கு வரி திருத்தினால் போதும். திருத்த எடிட்டர் இல்லை, இறக்க இணைப்பு இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவுக்கு ஆட்கள் வெளியே நிற்கிறார்கள் என்று அங்கிருந்த ஊழியர் சொன்னார். நீர் போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, அந்தக் கோப்பை முழுதாக மறுபடி எழுத வைத்தீர். "பைய அடியுங்க. தப்பாப் போனா மறுபடி அடிப்போம்." இரண்டு மணி நேரம். அதே அழைப்பில் நானும் இருந்தேன்.

மறுநாள் கூட்டத்தில், எடிட்டரை யார் எடுத்தது என்று கேட்டார்கள். "நாங்கதான்" என்றீர்.

ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுக்க வேண்டும் என்பது நாம் போட்ட விதி. எடிட்டரைத் திரும்பச் சேர்க்க எதை எடுப்பது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே நீர் உம்முடைய கருவியை எடுத்துவிட்டீர். இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதியது. ஏன் என்று கேட்டேன்.

"நெட்டு போன அன்னைக்கு அது உதவலையே வே. நான் எழுதினேங்கதுக்காவ எல்லார் தலையிலயும் கட்ட முடியுமா?"

அடுத்த மழைக்காலத்தில் உம் நோய் தெரிந்தது. அதன் பிறகு மூன்று மாதம்கூட இல்லை.

பதிலை அனுப்பியபின் உம் மனைவிக்குப் போன் செய்து சொன்னேன். வருத்தப்படுவார் என்றுதான் நினைத்தேன். "அவுக எடுத்தத நீங்க திருப்பி வச்சா அவுகளுக்குப் பிடிக்காது அண்ணாச்சி" என்றார். பிறகு, "நீங்களாவது வச்சிருக்கியளா?" என்று கேட்டார்.

வைத்திருக்கிறேன். எனக்கென்று ஒரு சர்வர் திறக்கும்போதெல்லாம், அதன் பெயரைத் தட்டி நானே இறக்கிக்கொள்கிறேன். அது தானாக இறங்கும்படி செய்ய இரண்டு வரி போதும். இதுவரை எழுதவில்லை.