நாலாம் நாள் வந்தவன்

கோவை,
செவ்வாய், மதியம்.

அன்பு மகள் ஷைமாவுக்கு அத்தா அப்துல் முத்தலிப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கொரியாவில் குளிர் எப்படி? இங்கே என் கண்ணும் உள்ளங்கையும் மஞ்சள். கல்யாணக் களை வந்துவிட்டது என்று நர்ஸ் மௌனிகா கேலி செய்கிறாள். போனை உன் அம்மா ஒளித்துவைத்துவிட்டாள். இந்தக் கடிதத்தை மௌனிகாதான் படமெடுத்து அனுப்புவாள்.

காய்ச்சல், தோள்வலி, சளி மூன்றும் சேர்ந்து வந்தன. காந்திபுரத்தில் நம் ஜவுளிக் கடைக்கு எதிரே உள்ள மெடிக்கலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை அட்டை வாங்கினேன். வேறு பெயர், வேறு நிறம். மூன்று நாள் மூன்றையும் வேளை தவறாமல் விழுங்கினேன். மௌனிகா அட்டைகளைத் திருப்பிப் பார்த்து, “ஏனுங்க, மூணுலயும் ஒரே பாராசிட்டமால்தானுங்க இருக்குது” என்றாள். சென்னிமலைக் கைத்தறியையும் விசைத்தறியையும் கண்ணை மூடித் தடவியே பிரிக்கிறவன் நான். வெட்கமாக இருக்கிறது, கண்ணு.

அளவு மீறியதில் கல்லீரல் வெந்திருக்கிறதாம். முறிவு மருந்து ஏற்றுகிறார்கள். உடனே வந்தவர்களுக்கு அது நன்றாகக் கேட்குமாம். நான் நாலாம் நாள் வந்தவன்.

சற்றுமுன் கண்ணயர்ந்தேன். உன் ஆய்வகத்து வெள்ளை எலி ஒன்று கட்டிலில் ஏறி உட்கார்ந்து, “எப்ப வந்தீங்க?” என்று மரியாதையாகக் கேட்டது. சொன்னேன். பாவமாகப் பார்த்தது. பிறகு மேலிருந்து, தாமதமாகக் கொடுத்தாலும் எலிகளின் கல்லீரலைக் காப்பாற்றுகிறது என்று நீ சொன்ன அந்தச் சீரியம் பொடி பஞ்சுத்தூசி மாதிரி மெல்ல மெல்ல இறங்கியது. வயிற்றின் எரிச்சலைக் குடித்தது, தீர்ந்துபோகாமல் திரும்பத் திரும்பக் குடித்தது. உடம்பெல்லாம் குளிர்ந்தது. விழித்தால் பழைய எரிச்சல்.

அதில் ஒரு குப்பி எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவதாக நேற்று அம்மாவிடம் சொன்னாயாமே? வேண்டாம். மனிதருக்கு இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்று நீதானே சொன்னாய்? உள்ளே இருப்பது தெரியாமல் மருந்து விழுங்க நம் வீட்டில் ஒருவன் போதும். என்னைப் போல நாலாம் நாள் வருகிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுக்கு அது நேர்வழியில் வந்து சேரட்டும். எனக்காகத் திருடினாய் என்று பெயர் வந்தால், பிழைத்தாலும் எனக்கு ஆறாது.

பயமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே.

அல்லாஹ் உன் கைகளில் பரக்கத்தைத் தரட்டும். அந்தக் கைகளை வெறுமனே கொண்டு வா, கண்ணு. என்னைப் போலத் தாமதமாக மட்டும் வந்துவிடாதே.

துஆவுடன்,
அத்தா