முப்பத்துநாலு எம்.எம். கார்புரேட்டர்

செவ்வாய்க்கிழமை, இரவு

வின்சென்ட்டின் வலது காலை இன்று காலையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

போன மாதம் அவன் என் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்து, தன் ரேஸ் பைக்குக்கு முப்பத்துநாலு எம்.எம். கார்புரேட்டர் மாட்டச் சொன்னான்.

"இந்த இன்ஜினுக்கு இருபத்தெட்டே போதும்டா. பெருசு போட்டா வேகத்துல நல்லாப் போகும், நின்ன இடத்துலருந்து திருகினா திணறும்" என்றேன்.

"டிராக்குல மட்டும்தான் ஓட்டுவேன்ணா."

நான் மறுத்தால் வேறு ஒருவன் மாட்டுவான் என்று மாட்டிக் கொடுத்தேன். நாலு நாள் அதில் பெட்ரோல் விடும் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்தும் திணறல் போகவில்லை. அப்படியே கொடுத்தனுப்பினேன்.

சனிக்கிழமை அவன் அதே பைக்கில் வேலைக்குப் போயிருக்கிறான். பொம்மனஹள்ளி சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை முழுசாகத் திருகியிருக்கிறான். வண்டி இழுக்காமல் நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் மனைவி ஸ்டெல்லா வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் நீட்டிய சாத்துக்குடிப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, வண்டில ஏதாவது கோளாறா? கேட்டா அவர் ஒண்ணுமில்லைங்கிறார்."

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

"நான் மாட்டின கார்புரேட்டர் அந்த இன்ஜினுக்குப் பெருசும்மா. தெரிஞ்சேதான் மாட்டினேன்."

அவள் பையை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வீட்டுக்கு, லிங்கராஜபுரம் வரைக்கும் பஸ்ஸில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். உட்கார இடம் இருந்தது.