நான்காம் கம்பத்தைக் கருவி மறுபடியும் நம்பச் செய்யக் கோரி

அனுப்புநர்:
தவமலர் த/பெ ஆண்டியப்பன்,
லிலின் தேயிலைத் தோட்டம், மூன்றாம் பிரிவு லயம்,
கம்போங் ராஜா, கேமரன் மலை.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
தானா ராத்தா.

பொருள்: மண்சரிவு எச்சரிக்கைக் கருவி எங்கள் சரிவைக் கண்டுகொள்ளாதது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்பது குடும்பங்கள் இருக்கிறோம். வீடுகளுக்குப் பின்னால் உள்ள சரிவில் சென்ற ஆண்டு தோட்ட நிர்வாகம் நான்கு கம்பங்களை நட்டது. மண் அசைந்தால் செயற்கை நுண்ணறிவு கணித்துச் சங்கு ஊதும் என்றார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் விளக்கவில்லை.

2. தவறு எங்கள் பக்கமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. நான்காம் கம்பம் வாகாக இருந்ததால் அதில் துணி காயப்போடக் கொடி கட்டினோம். கட்டியவள் நானே. ஈரக் கம்பளியும் மழைச்சட்டையும் காற்றில் ஆடச் சங்கு ஊதியது. மூன்று முறை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்று முறையும் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி ஹரிதாஸ் கணினியில் ‘பொய் எச்சரிக்கை’ என்று பதிந்தார். பிறகு கொடியை அவிழ்த்துவிட்டேன். ஆனால் அந்தக் கம்பம் சொல்வதெல்லாம் பொய் என்று கருவி கற்றுக்கொண்டுவிட்டதாம். பழுதுபார்க்க வந்தவரே இதை என்னிடம் சொன்னார்.

3. மூன்று வாரமாக மழை விடவில்லை. சரிவில் என் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்திருக்கிறது. கம்பமும் சாய்ந்துவிட்டது. ஆபீஸ் திரையில் மட்டும் ஆபத்தில்லை என்று பச்சை. காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது கிராணியிடம் சொன்னேன். “மெஷினே பச்ச காட்டுதுலா, நீங்க ஏன் பயப்படுறீங்க? போய்க் கொழுந்தப் பாருங்க” என்றார். அன்று கருவி கத்தியபோது அதை நம்பாதவர், இன்று நான் கத்தும்போது கருவியை மட்டும் நம்புகிறார்.

4. என் கணவர் ராமையா கால் முறிந்து, கட்டுப் போட்டு வீட்டில் படுத்திருக்கிறார். நான் மலையில் நிற்கும்போது அவரை எழுப்பிவிட அந்தச் சங்கை விட்டால் வேறு கதியில்லை. ஆகவே கருவியை எடுத்துவிடச் சொல்லவில்லை. எங்களுக்கு அது வேண்டும். கொழுந்து கிள்ளும் நேரமெல்லாம் என் காது லயத்துப் பக்கமே இருக்கிறது.

5. ஆள் அனுப்பிச் சரிவை நேரில் பார்க்கவும், அந்த மூன்று பதிவுகளைத் திருத்தவும், நாங்கள் கண்ணால் கண்டதையும் கருவிக்குத் தெரிவிக்க வழி செய்யவும், அதுவரை எங்களைப் பாலாய் ராயா பொது மண்டபத்தில் தங்கவைக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். விசாரணைக்கு நாள் குறித்துக்கொண்டிருக்காமல், மனு கைக்குக் கிடைத்த அன்றே வாருங்கள். நேற்றிலிருந்து எங்கள் சமையலறைப் பின்கதவு நிலை கோணிப்போய், சாத்த வரவில்லை.

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
தவமலர்

இடம்: கம்போங் ராஜா
நாள்: 18.11.2025