“பழைய மரம்” என்று எழுதியிருக்கிறீர்கள்

என்னங்க, கேட்கிறதா?

முப்பத்துநாலு வருஷம் இப்படித்தான் உங்களைக் கூப்பிட்டேன். பெயர் சொன்னதில்லை, இனிமேல் பழகப்போவதும் இல்லை. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் ஆன்ட்டி என்று கேட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு போட்டோவும் வேண்டுமாம். விறகடுப்புக்கு முன்னால் கையில் இடுக்கியோடு நிற்பீர்களே, அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். எழுதப்போவதும் அந்த அடுப்பைப் பற்றித்தான். படித்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்காது.

நீங்கள் போய் ஏழு மாசம் ஆகிறது. இந்தப் பிஸ்கட்டவே ஊரில் குளிர் ஆரம்பித்துவிட்டது. பின்பக்கத்து மேப்பிள் மரம் பாதி உதிர்ந்துவிட்டது. நம் பிள்ளை விவேக் வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி, அந்தப் பழைய அடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு கேஸ் ஹீட்டர் வைத்துக்கொள் என்கிறான். நான் தூக்கிப் போடவில்லை. அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, சரி பண்ணி, திரும்பவும் பூட்டியிருக்கிறேன். ஆமாம், நானேதான். நீங்கள் இருந்தவரை அதன் கதவைக்கூட என்னைத் திறக்க விட்டதில்லை. “தொடாதே, உனக்குப் புரியாது” என்பீர்கள். மருந்துக் கம்பெனி லேபில் இருபது வருஷம் சூடு பார்த்து, எடை பார்த்து, குறித்து வைத்தவளுக்கு ஓர் அடுப்பு புரியாதா? அன்றைக்கு இதைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

மலரைப் படிக்கிறவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இது சாதாரண விறகடுப்பு இல்லை. உள்ளே மேல்பக்கம் ஒரு செங்கல் அளவுக்குத் தேன்கூடு மாதிரி பொடிப்பொடி ஓட்டைகளோடு ஒரு கல் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பெயர் கேட்டலிஸ்ட். அடுப்பு நன்றாகச் சூடானதும் புகையை நேரே சிம்னிக்கு விடுகிற பைபாஸ் தகட்டை மூடினால், புகை முழுவதும் அந்த ஓட்டைகள் வழியாகப் போய் அங்கேயே எரிந்துவிடும். கொஞ்ச விறகில் வீடு முழுக்கச் சூடு கிடைக்கும், சிம்னியில் புகையே தெரியாது. ஆனால் சுத்தமான விறகைத்தான் போட வேண்டும். பெயின்ட் அடித்தது, வார்னிஷ் போட்டது, பசை வைத்து ஒட்டியது, இதெல்லாம் போனால் அந்தக் கல் செத்துவிடும்.

இந்தப் பாடத்தை நம் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் கேட்காமல் போனதில்லை. காபி வருவதற்கு முன்னால் பாடம் வந்துவிடும். அவர்கள் கொண்டுவந்த கல்யாணப் பத்திரிகையை யாராவது சுருட்டி உள்ளே போட்டுவிடப் போகிறார்களே என்று அதையே பார்த்துக்கொண்டு இருப்பீர்கள்.

போகியன்றுகூட விட்டதில்லை. இந்த ஊரில் வாசலில் கொளுத்தினால் தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்று அடுப்பிலேயே போகி கொண்டாடினோம். பழைய பாய் கூடாது, சாயம் இருக்கும். பழைய துணி கூடாது. வருஷத்துக்கு ஒரு தேய்ந்த மரக்கரண்டியோ உடைந்த மத்தோ கொண்டுவந்து கொடுப்பேன். அதையும் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பீர்கள். சஹானா சின்னவளாக இருந்தபோது, அப்பா கரண்டிக்கு பாஸ்போர்ட் செக் பண்றார் என்று சிரிப்பாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அடுப்பு கெட்டுப்போனது. சூடு ஏறவில்லை, சிம்னியில் எந்நேரமும் சாம்பல் நிறப் புகை, ஹாலில் கண் எரிச்சல். விறகு விற்கிறவன் ஈர மரத்தைத் தலையில் கட்டிவிட்டான் என்றீர்கள். அவனை மாற்றினீர்கள். அடுத்தவனும் திருடன் என்றீர்கள். மூன்றாவது ஆளோடு டிரைவ்வேயில் நின்று சண்டையே போட்டீர்கள். அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. நான் உங்கள் பக்கம்தான் நின்றேன்.

இந்த வருஷம் செப்டம்பரில் சிம்னி சுத்தம் பண்ணுகிற ரிக் வந்தான். கல்லை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, யாராவது பெயின்ட் அடித்த மரத்தை இதில் எரித்தீர்களா மேடம் என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரரைத் தெரியாமல் பேசாதே என்று அவனிடம் கத்தாத குறை. அவன் கல்லை நியூஸ்பேப்பரில் வைத்துவிட்டு, ஒரு தடவை வினிகரில் கொதிக்க வைத்துப் பாருங்கள், சாம்பல் அடைப்பாக இருந்தால் சரியாகிவிடும், விஷம் ஏறியிருந்தால் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

விசேஷத்துக்கு சாம்பார் வைக்கிற பெரிய பாத்திரத்தில் டிஸ்டில்ட் வாட்டரும் வினிகரும் ஊற்றி அரை மணி நேரம் கொதிக்க வைத்தேன். பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு தடவை. காயவைத்துப் பூட்டி எரித்துப் பார்த்தேன். அதே புகைதான் வந்தது. புதுக் கல் ஆர்டர் பண்ணினேன். அது வருவதற்குள் மற்ற வேலைகளை முடித்துவிடலாம் என்று காற்று புகாமல் இருக்கக் கதவைச் சுற்றி ஒட்டியிருந்த தீப்பிடிக்காத பழைய கயிற்றை உளியால் சுரண்டி எடுத்து, புதுக் கயிறு வைத்து ஒட்டினேன். கதவு இறுக்கமாக மூடுகிறதா என்று நீங்கள் டாலர் நோட்டைச் சொருகி இழுத்துப் பார்ப்பீர்கள். நான் கோயில் காலண்டரில் அன்றைய தேதியைக் கிழித்துச் சொருகினேன். இழுத்தால் வரவில்லை. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்த மரியாதையோடு நிறுத்தியிருக்கலாம். அடுப்புக்குள்ளே பின்சுவரில் இரண்டு செங்கல் விரிசல் விட்டிருந்தது. அதை மாற்ற இழுத்தபோது, செங்கலுக்கும் இரும்புக்கும் நடுவிலிருந்து கன்னங்கரேலென்று ஏதோ விழுந்தது. சமையலறைக்கு எடுத்துப்போய்ப் புளி போட்டுத் தேய்த்தேன். பித்தளை. வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு கீல்.

இதை வாங்கியவள் நம் பெண். பத்து வயசில், சென்னைக்குப் போயிருந்தபோது, ஹார்டுவேர் கடையில் சாதாரணக் கீல் வேண்டாம், பட்டர்ஃப்ளைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினாள். ஊருக்குத் திரும்பி நீங்கள் பிளைவுட் அறுத்து, அந்தக் கீல்களை வைத்து மடக்குகிற மாதிரி ஏழு கொலுப்படி செய்தீர்கள். அவள் கிளிப்பச்சை பெயின்ட் அடித்தாள். வருஷா வருஷம் புதிதாக எந்தப் பொம்மை வாங்கினோம் என்று அடிப்படியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைப்பாள். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காத தமிழில், “யாணை” என்று மூன்று சுழி போட்டு எழுதியிருப்பாள். நீங்கள் அதைத் திருத்த விடவில்லை. அப்படியே இருக்கட்டும் என்றீர்கள். அந்த மனுஷனும் நீங்கள்தானே?

கீலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் நோட்டுகளை எடுத்தேன். என்றைக்கு எந்த மரம், எத்தனை கட்டை, எத்தனை டிகிரி என்று ஒருநாள் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். ஓக், காய்ந்தது, இரண்டு வருஷம். ஆஷ், பிளந்தது, ஒன்றரை வருஷம். கட்டையின் ஜாதகமே இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முந்தைய போகியன்று மட்டும் இரண்டே வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். “பழைய மரம்.” பக்கத்தில் ஆயிரத்து ஐநூறு டிகிரி. மறுநாளிலிருந்து அறுநூறைத் தாண்டவே இல்லை.

அந்தப் போகி எனக்கு நினைவிருக்கிறது. மார்கழிக் கடைசி நாள் என்று விடியற்காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். ஜனவரிக் குளிரில் எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தது. காற்று திரும்பி அடித்தது, புகை உள்ளே வந்துவிட்டது என்றீர்கள். நம்பினேன். அடுத்த நவராத்திரிக்கு கராஜில் படியைத் தேடினேன். “கோயிலுக்குக் குடுத்துட்டேன். இனிமே யார் வெக்கப்போறா? அங்கயாவது யூஸ் ஆகட்டும்” என்றீர்கள். அதையும் நம்பினேன். நான்கு நவராத்திரி கோயில் கொலுவுக்குப் போய், யாரும் பார்க்காத நேரம் பார்த்து, வெள்ளைத் துணியின் ஓரத்தைத் தூக்கிக் கிளிப்பச்சை தெரிகிறதா என்று பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அர்ச்சகர் பார்த்துவிட்டார். காதுத் தோடு விழுந்துவிட்டது என்று சமாளித்தேன். இது உங்களுக்குத் தெரியுமா?

அதற்கு முந்தின கோடையில் என்ன நடந்தது என்று மலரில் எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன். நீங்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம் எட்டு மாசத்தில் முடிந்து, இரண்டு சூட்கேஸோடு கலிஃபோர்னியாவிலிருந்து வந்து இறங்கினாள் சஹானா. அவன் அவளை என்ன செய்தான் என்று ஹாலில் உட்கார்ந்து சொன்னாள். நீங்கள் முழுக்கக் கேட்கவில்லை.

“எல்லாருந்தாம்மா adjust பண்ணிட்டு இருக்காங்க. திரும்பிப் போறதா இருந்தா இப்பவே டிக்கெட் போடறேன். இல்லேன்னா இந்த வீட்ல உனக்கு இடம் இல்ல.”

அவள் உங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் பால் பொங்குகிறது என்று உள்ளே போனேன். பால் பொங்கவில்லை. அப்போதுதான் வைத்திருந்தேன். அதன் முன்னால் நின்று தீயைக் குறைத்தேன், கூட்டினேன், குறைத்தேன். வெளியே வந்தபோது அவள் சூட்கேஸை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். உங்கள்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி, அந்தப் பால் பாத்திரத்துக்கு முன்னால் நின்றவள்மேல் இருக்கிற கோபம்.

டெக்ஸஸில், ரவுண்ட் ராக்கில், ஒரு தோழி வீட்டு சோபாவில் மூன்று மாசம் படுத்திருந்து வேலை தேடிக்கொண்டாள். இப்போது சின்னதாகச் சொந்த வீடு இருக்கிறது. உங்கள் காரியத்துக்கு வந்தவள், எல்லோரும் போன பிறகு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அம்மா, கொலுப்படி எங்க? Next year நான் வெக்கலாம்னு இருக்கேன். அது மட்டும் குடு, வேற எதுவும் வேணாம்.” கோயிலில் இருக்கிறது, கேட்டு வாங்கி வைக்கிறேன் என்றேன். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வந்து எடுத்துப்போக வண்டி வாடகைக்குப் பேசியிருக்கிறாள்.

விவேக்கிடம் கீலைப் பற்றிச் சொன்னேன். “லெட் இட் கோ, அம்மா. Dad is gone. கோயில்ல தொலஞ்சுபோச்சுன்னு சொல்லிடு” என்றான். நல்ல பிள்ளை. உங்களை மாதிரியே அழகாகச் சொல்ல வருகிறது.

எதற்காக எரித்தீர்கள்? அவள்மேல் கோபமா, இல்லை அந்தப் படியைப் பார்க்க வெட்கமாக இருந்ததா? ஒவ்வொரு படியாக மடக்கி உடைத்தீர்களே, “யாணை” என்று எழுதின பலகை கைக்கு வந்தபோது ஒரு நிமிஷமாவது நின்றீர்களா? கரண்டியைச் சுரண்டிப் பார்த்த மனுஷனுக்கு, பச்சைப் பெயின்ட் உள்ளே போனால் அடுப்பு செத்துவிடும் என்று தெரியாமலா இருந்தது? தெரிந்தே போட்டிருக்கிறீர்கள். அழுதிருந்தால் நோட்டில் அதையும் எழுதியிருக்கலாம். எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

நேற்றுக் காலை புதுக் கல்லைப் பொருத்தி முதல் தீ வைத்தேன். ஐநூறு டிகிரி வந்ததும் பைபாஸை மூடினேன். முள் மெதுவாக ஏறி ஆயிரத்து நூறில் நின்றது. ஷால் போர்த்திக்கொண்டு பின்பக்கம் போய்ச் சிம்னியை அண்ணாந்து பார்த்தேன். புகையே இல்லை. ஐந்து வருஷமாக அந்தப் புகை தெரு முழுக்கத் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் விறகுக்காரனைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். உள்ளே வந்து உங்கள் நோட்டில், உங்கள் கடைசி வரிக்குக் கீழே, என் கையெழுத்தில் தேதி போட்டு எழுதினேன். ஓக், காய்ந்தது, நான்கு கட்டை.

இந்த மலர் பொங்கலுக்குத்தான் வரும். அதற்கு முன்னால் தேங்க்ஸ்கிவிங்குக்கு அவள் வந்துவிடுவாள். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் “படி எங்கம்மா?” என்று கேட்பாள். அடுப்புக்கு முன்னால் உட்கார வைப்பேன். கீலை அவள் கையில் கொடுப்பேன். நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டுவேன். அவள் உங்களை என்ன சொன்னாலும் தடுக்க மாட்டேன். என்னைச் சொன்னாலும் எழுந்து சமையலறைக்குப் போக மாட்டேன். இது சத்தியம். அன்றைக்கு அடுப்பில் பால் வைக்கவே மாட்டேன்.

இனிமேல் முதலில் அவளுக்கு அம்மா,
அப்புறம்தான் உங்கள் மனைவி,
கோமதி