மூன்றாம் ஓலைக்கு முன்

என் உயிருக்கு உயிரான பிலோமி மதினிக்கு,

நீ போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் உன் வீட்டில் கல்யாணப் பேச்சு. அண்ணனுக்கு என்று நினைத்துவிடாதே, அதையாவது பொறுத்துக்கொள்வேன். ஸ்டெல்லாவுக்கு. பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த உன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, விசைப்படகு முதலாளியின் தம்பிக்குப் பேசி முடித்துவிட்டார் உன் புருசன். மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் கல்யாணம்.

"தாயில்லாப் பிள்ளைய வீட்டுல வச்சிக்கிட்டு, வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கச் சொல்லுதியா?" என்று என்னைக் கேட்கிறார். தாலியறுத்து வந்து அண்ணன் வீட்டில் சாப்பிடுகிறவள் என்ன பதில் சொல்ல முடியும்? நீ இருந்தவரை அது உன் கையால் போட்ட சோறு, வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே தின்றேன். இப்போது அது அண்ணன் சோறு, வாயை மூடிக்கொண்டு தின்கிறேன்.

பங்குச் சாமியார் சம்மதமா என்று கேட்டபோது ஸ்டெல்லா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் என் மடியில் விழுந்தாள். "அத்தை, எனக்கு வேண்டாம். நீங்க சொல்லுங்க அத்தை" என்று அழுது, உன்னைப் போலவே என் சேலையில் மூக்கைத் துடைத்தாள்.

நாம் வேலைக்குப் போன இறால் ஷெட்டில் பெண்கள் இன்னமும் உன் கதையைத்தான் கேட்கிறார்கள். எமர்ஜென்சி வந்த புதிதில் பேச்சைக் குறைக்கச் சொல்லி அங்கே போர்டு மாட்டினார்கள் அல்லவா, அன்றைக்கே நீ ஆரம்பித்துவிட்டாய். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பினால் போதும், இறாலை உரித்துக்கொண்டே கதையை எடுத்துவிடுவாய்.

இன்னும் நூறு வருடம் கழித்து நம் துறைமுகத்தில் ஓர் அரசாங்கம். அங்கே பெண்கள்தான் சங்கு குளிக்க வேண்டும், கரையில் வாய் திறக்கக் கூடாது. திறந்தவளை அடுத்த முறை கடலுக்கடியிலிருந்து மேலே இழுக்க மாட்டார்கள். நம் ஊரில் குளிக்கிறவனின் கயிற்றை மச்சான் பிடிப்பான், தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்பதால். உன் அரசாங்கமோ நாத்தனார் கையில் கயிற்றைக் கொடுத்தது. நாத்தனாரும் மதினியும் ஏழு ஜென்மத்துக்கும் ஒட்ட மாட்டார்கள் என்று அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

உன் கதையில் ஒருத்தி கரையில் பேசிவிட்டாள். இழுக்காதே என்று உத்தரவு வந்துவிட்டது. அவள் தண்ணீருக்குள் இருக்கிறாள், நாத்தனார் மேலே இருக்கிறாள். அத்தோடு கதை நின்றது, நீ காமாலை வந்து படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் உன் காலைப் பிடித்துக்கொண்டு, அவள் இழுத்தாளா என்று கேட்டேன். "கயித்தப் பிடிச்சிருக்கது நீதான, என்னயக் கேக்குதியே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். இது ஒரு பதிலா மதினி?

கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். மூன்று ஞாயிறு பூசையில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். எனக்கு நினைவு தெரிந்து யாரும் சொன்னதில்லை. முதல் ஓலைக்கு நான் எழவில்லை.

இரண்டாம் ஓலைக்கு எழுந்தேன். நம்புவாயா? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பெண்கள் பக்கத்தின் நடுவில் எழுந்தே விட்டேன். நீ பூசையில் தூங்கிவிழுவாயே, அப்போது யாராவது எழுந்தால், எல்லாரும் நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணம் வந்துவிட்டதென்று நீயும் எழுவாயே, அதே கதைதான். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள், அவர்களைப் பார்த்து ஆண்கள் எழுந்தார்கள். செபங்களை எடுத்துக் கொடுக்கும் உபதேசியார் தொண்டையைச் செருமிப் பிரமாணத்தைத் தொடங்கிவிட்டார். கோயிலே ஒரே குரலில் செபிக்க, பிள்ளைக்குச் சம்மதம் இல்லை என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

பூசை முடிந்து சாமியாரிடம் போகலாம் என்று திரும்பினால் அண்ணன் வாசலில் நிற்கிறார். சாமியாரிடம் போகாமல் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் ஷெட்டில் இதைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்து முடித்து அவரவர் இறாலுக்குத் திரும்பினார்கள். உன் பக்கத்தில் உட்கார்ந்து உரிப்பாளே ஜோசப்பின், அவள்தான் கையைக் கழுவிக்கொண்டே, "ஏளா லூர்து, எந்திரிச்சி உனக்குச் சாட்சி சொல்ல எங்களுக்குத் தைரியம் கிடையாது. வீட்டுல கொன்னுருவாவ. வேணும்னா இந்த வாட்டி நாங்க எந்திரிக்காம இருக்கோம்" என்றாள். அவர்களால் முடிந்தது அவ்வளவுதான். அதற்கே எனக்கு அழுகை வந்தது.

வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை, அதற்குப் பிறகு கேட்க மாட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது மதினி. அண்ணன் அன்றைக்கே என் பெட்டியைத் தெருவில் வைத்துவிடுவார். அதன் பிறகும் கல்யாணம் நடந்துவிட்டால்? ஸ்டெல்லாவே எல்லார் முன்னாலும் சம்மதம் என்று சொல்லிவிட்டால்? நான் எங்கே போவேன், அவளை எங்கே கொண்டுபோவேன்?

ஒன்றை மட்டும் உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்பேன். மறுபடியும் பிரமாணத்தைத் தொடங்கினாலும், அது முடிந்து கோயில் முழுக்க உட்கார்ந்த பிறகும், நான் உட்கார மாட்டேன்.

உன் பிள்ளைக்கு அத்தை,
உனக்கு என்றும் நாத்தனார்,
லூர்து